எண்ணின் இருப்பிடம்: பால்வாடி ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு தத்துவ முன்னுரை

மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளிடம் கணிதச் சிந்தனையை வளர்க்க ஆசிரியர்களை எவ்வாறு பயிற்றுவிப்பது என்னும் கேள்வி, பெரும்பாலும் செய்முறைக் கேள்வியாகவே, அதாவது எந்தப் பொருளை எந்த வரிசையில் எவ்வளவு நேரம் பயன்படுத்துவது என்ற அளவிலேயே பேசி முடிக்கப்படுகிறது. அதற்கு அடியில் அதைவிடப் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. ஒரு குழந்தை ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணி 'அஞ்சு' என்று சொல்லும்போது அந்த ஐந்து எங்கே இருக்கிறது? கொட்டைகளிலா, ஆசிரியர் சொல்லிக்கொடுத்த சொல்லிலா, அல்லது குழந்தையின் அறிவில் முன்பே இருந்து இப்போது வெளிப்பட்டதா? பயிற்சி அளிப்பவர் இதற்கு வாய்திறந்து விடை சொல்வதில்லை என்றாலும், அவர் வகுக்கும் பாடத்திட்டத்தில் ஏதோ ஒரு விடை ஒளிந்தே இருக்கிறது. எண் சொல்லில் இருப்பதாக நம்புகிறவர் மனப்பாடத்தை வலியுறுத்துவார். பொருளில் இருப்பதாக நம்புகிறவர் மணிகளையும் கட்டைகளையும் வாங்கிக் குவிப்பார். குழந்தைக்குள் இருப்பதாக நம்புகிறவர் விளையாட விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

இந்தக் கேள்வியைத் திருவண்ணாமலையில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அறிவு உள்ளிருந்து எழுவதா, ஒருவர் காட்டிப் பிறப்பதா என்பதில் ஒத்துப்போகாத இரண்டு மரபுகள் அந்த ஊரில் அருகருகே வாழ்கின்றன. 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் அங்கு வந்துசேர்ந்து, 1950 வரை அண்ணாமலையை விட்டு நீங்காதிருந்த ரமண மகரிஷியின் அத்வைத நெறி ஒன்று. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தைத் தலைநூலாகக் கொண்டு, அண்ணாமலையார் கோயிலைச் சூழ்ந்த மடங்களாலும் ஓதுவார்களாலும் பேணப்பட்டுவரும் சைவ சித்தாந்தம் மற்றொன்று. இவ்விரண்டும் எண்ணைப் பற்றிப் பேச எழுந்தவை அல்ல என்பது உண்மையே. ஆயினும் 'அறிதல் எவ்வாறு நிகழ்கிறது' என்பதைக் குறித்து அவை நுட்பமாகச் சிந்தித்திருக்கும் அளவுக்கு, ஆசிரியப் பயிற்சிக் கையேடுகள் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

நடைமுறைப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. மக்கள் வாயில் அவை இன்னும் பால்வாடிகள்தான். அவற்றுக்கான முன்பருவப் பாடத்திட்டம் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் வழங்குகிறது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' இயக்கம் முதல் மூன்று வகுப்புகளைக் குறிவைத்தது. அதே ஆண்டில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், குழந்தையின் வளர்ச்சியைத் தைத்திரீய உபநிடதத்தின் பஞ்சகோசக் கருத்தை, அதாவது உடல், உயிர்மூச்சு, மனம், அறிவு, ஆனந்தம் என்னும் ஐந்து உறைகளை, அடியொற்றி விளக்குகிறது. உபநிடதத்தை அழைத்துவந்த சட்டகம், எண்ணும் அறிவு அந்த உறைகளில் எதில் எப்படிப் பிறக்கிறது என்று ஒரு வரியாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இத்தனைக்கும் நடுவே அங்கன்வாடிப் பணியாளர் எடை பார்க்கிறார், சத்துமாவு வழங்குகிறார், பதிவேடுகளையும் கைபேசிச் செயலியையும் நிரப்புகிறார், தடுப்பூசி நாளுக்குத் தாய்மார்களை அழைத்து வருகிறார். கணிதச் சிந்தனைக்கு எஞ்சும் நேரமும், அதற்கென அவர் பெறும் சில நாள் பயிற்சியும் மிகக் குறைவு. ஆகவே அந்தக் குறுகிய பயிற்சியில் எதைச் சொல்வது என்பது இன்னும் கவனமாக முடிவு செய்யவேண்டிய ஒன்றாகிறது.

எண்ணுதல் என்பது வெளிப்பார்வைக்கு ஒரே செயல். ரோஷல் கெல்மன், கேலிஸ்டெல் என்னும் உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட நூலில் அதை ஐந்து விதிகளாகப் பகுத்துக் காட்டினர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல்தான், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்பது முதலாவது. சொற்களின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறாதிருக்கவேண்டும் என்பது அடுத்தது. கடைசியாகச் சொன்ன சொல் கடைசிப் பொருளின் பெயராக நின்றுவிடாமல் முழுத் தொகுதியின் அளவையும் குறிக்கிறது என்பது மூன்றாவது. இதைத் தொகைத் தன்மை எனலாம். எந்த வகைப் பொருளையும், கண்ணுக்குத் தெரியாததைக்கூட, எண்ணலாம் என்பதும், எங்கிருந்து தொடங்கி எண்ணினாலும் தொகை மாறாது என்பதும் எஞ்சிய இரண்டு. இவற்றுள் வரிசை விதியைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டின் நெற்களம் போதும். மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லி, பிறகு ரெண்டு, மூணு என்று தொடர்வது வழக்கம். சொல் மாறினாலும் கணக்குக் கெடுவதில்லை. ஏனெனில் வரிசையில் முதல் இடத்தில் எப்போதும் அதே சொல்தான் நிற்கிறது. தன் தாத்தா நெல் அளக்கும்போது கேட்ட 'லாபத்தை' ஒரு குழந்தை பால்வாடியில் சொன்னால், அதைப் பிழையெனத் திருத்துகிற ஆசிரியரும், அந்தக் குழந்தைக்கு வரிசை விதி பிடிபட்டிருக்கிறது என்று கண்டுகொள்கிற ஆசிரியரும் இரு வேறு பயிற்சியிலிருந்து வந்தவர்கள்.

தொடங்கும் இடம் பற்றிய விதிக்கு அண்ணாமலையே சான்று தருகிறது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் உள்ளன. கிழக்கு ராஜகோபுரத்தருகே நடையைத் தொடங்குகிறவருக்கும், மேற்கே அடி அண்ணாமலையில் குடியிருந்து வீட்டு வாசலிலிருந்தே புறப்படுகிறவருக்கும் முதல் லிங்கம் வேறு, கடைசி லிங்கம் வேறு, தொகை எட்டேதான். பெரியவர்களுக்கு இது சொல்லவே தேவையில்லாத செய்தி. வட்டமாக வைக்கப்பட்ட எட்டுக் கற்களை எண்ணச் சொன்னால் நான்கு வயதுக் குழந்தை சுற்றிச் சுற்றி வந்து பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்தால்தான், தொடக்கத்தை மனத்தில் குறித்துவைத்தல் என்பது தனியாகக் கைவரவேண்டிய ஒரு சிந்தனை என்பது விளங்கும். அந்தக் குழந்தைக்கு எண் தெரியாது என்று முடிவு கட்டுவது தவறு. எண்ணுக்குப் புறத்தே, எண்ணுகிறவரின் நினைவில் இருக்கவேண்டிய ஒரு குறி அதனிடம் இல்லை, அவ்வளவே.

தொகைத் தன்மைதான் எல்லாவற்றிலும் கடினமானது. பால்வாடியில் அன்றாடம் நடக்கக்கூடிய ஒரு சிறு உரையாடலை அருகில் வைத்துப் பார்க்கலாம். பாயில் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து ஆசிரியர் எண்ணச் சொல்கிறார். குழந்தை ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று சரியாக முடிக்கிறது. "ஆக மொத்தம் எத்தினி கண்ணு?" என்று கேட்டால், குழந்தை ஆசிரியரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் முதல் கொட்டையைத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பிக்கிறது. 'எத்தனை' என்ற கேள்வி அதன் காதில் 'எண்ணிக் காட்டு' என்ற கட்டளையாகவே விழுகிறது. 'அஞ்சு' என்பது கடைசிக் கொட்டையின் பெயர். அதைக் கையில் எடுத்து மறைத்துவிட்டால் ஐந்தே போய்விட்டது என்று சொல்லவும் சில குழந்தைகள் தயங்கமாட்டார்கள். பயிற்சி பெறாத ஆசிரியர் இந்த இடத்தில், "அஞ்சுன்னு சொல்லு" என்கிறார்; குழந்தையும் சொல்லிவிடுகிறது; பதிவேட்டில் 'ஐந்து வரை எண்ணத் தெரியும்' என்று ஏறிவிடுகிறது. குழந்தையின் அறிவில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்ற செய்தி அந்தப் பதிவோடு புதைந்துபோகிறது.

ஐந்து எங்கே இருந்தது? இந்திய மெய்யியலில் இதற்கு மிகத் துல்லியமான விடை தந்தது வைசேடிகம். கணாதரின் சூத்திரங்கள் எண்ணை, நிறம், சுவை போன்ற குணங்களின் வரிசையில் சேர்க்கின்றன. ஆனால் பின்வந்த உரையாசிரியர்கள் ஒரு வேறுபாடு கண்டனர். 'ஒன்று' என்னும் தன்மை ஒவ்வொரு பொருளிலும் அதன் நிறத்தைப் போலத் தானே தங்கியிருக்கிறது. இரண்டு முதலான எண்களோ, 'இது ஒன்று, இது ஒன்று' எனப் பலவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஓர் அறிவால் பிறக்கின்றன. அந்த அறிவுக்கு அபேட்சாபுத்தி என்று பெயர். ஒன்றை மற்றொன்றோடு சார்த்திப் பார்க்கும் அறிவு என்று பொருள் கொள்ளலாம். அந்தச் சேர்த்துப் பிடித்தல் நீங்கினால் இரண்டும் நீங்கிவிடும். அன்னம்பட்டர் இயற்றிய தருக்கசங்கிரகத்தைத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் தமிழில் பெயர்த்ததால், இந்தத் தருக்க மரபு சைவ மடங்களின் பாடத்துக்குள்ளும் நுழைந்தது. மேற்கே 20-ஆம் நூற்றாண்டில் ஜீன் பியாஜேயும், அவரைப் பின்பற்றிய கான்ஸ்டன்ஸ் கமீயும், எண் என்பது பொருளில் காணப்படும் பண்பு அன்று, பொருள்களுக்கிடையே குழந்தை தானே ஏற்படுத்தும் உறவு என்று வாதிட்டார்கள். அவர்கள் அபேட்சாபுத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. வந்துசேர்ந்த இடம் அதற்கு மிக அருகில் இருக்கிறது.

இதிலும் ஒரு வழக்கு இருந்தது. அந்தச் சேர்த்துப் பிடிக்கும் அறிவு இரண்டை உண்டாக்குகிறதா, அல்லது ஏற்கெனவே இருக்கும் இரண்டை வெளிப்படுத்த மட்டும் செய்கிறதா என்பதே அது. 14-ஆம் நூற்றாண்டின் சர்வதரிசன சங்கிரகம், வைசேடிகத்தை விளக்கும் பகுதியில் இதை எடுத்துக்கொண்டு, உண்டாக்குகிறது என்னும் பக்கத்தை நிலைநாட்டுகிறது. பயிற்சிக் கூடத்தில் இது வெறும் ஏட்டுச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் குழந்தையே எண்ணை உண்டாக்குகிறது என்றால் ஆசிரியர் அதற்கு வேண்டிய நேரத்தையும் தடுமாற்றத்தையும் அனுமதிக்கவேண்டும். முன்பே இருப்பதை வெளிப்படுத்துவது மட்டும்தான் என்றால், மறைப்பது எது என்று கண்டு அதை விலக்கினால் போதும். இரண்டும் ஒரே பாடத்திட்டம் ஆகாது.

வெளிப்படுத்துதல் என்னும் பக்கத்துக்கு அத்வைதம் ஓர் உவமைக் கதையை வைத்திருக்கிறது. அது எண்ணும் பிழையைப் பற்றிய கதையாக இருப்பது இந்தக் கட்டுரைக்கு வாய்த்த நல்வாய்ப்பு. பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று ஒருவன் எண்ணுகிறான், ஒன்பதுதான் வருகிறது. ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்பதே வருகிறது, ஏனெனில் ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிடுகிறார்கள். செத்துப்போனதாக நம்பிய பத்தாவது ஆளுக்காக அழுதுகொண்டிருக்கும்போது, வழியே போகும் ஒருவர், 'பத்தாவது ஆள் நீயே' என்று காட்டுகிறார். சங்கரரின் உபதேச சாகஸ்ரி முதல் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் வரை இந்தக் கதை வருகிறது. ரமணரும் இதை எடுத்தாண்டிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர்கள் ஆற்றங்கரையில் செய்யும் கூத்தும் இதுவே. ஆன்மா எங்கும் தொலையவில்லை, தேடுகிறவனே தேடப்படுவது என்பதே வேதாந்தத்தில் கதையின் கருத்து.

இதை முட்டாள்களின் கதை என்று சிரித்துக் கடப்பவர்கள், வட்டமாக உட்கார்ந்திருக்கும் குழந்தைகளை அவர்களில் ஒருவரைக்கொண்டு எண்ணச் சொல்லிப் பார்க்கவேண்டும். எண்ணும் குழந்தை தன்னை விட்டுவிடுவது மிக இயல்பாக நடக்கும். சுட்டுவிரல் வெளியே நீளுகிறது. வெளியே இருப்பவையே எண்ணப்படும் பொருள்கள் ஆகின்றன. பியாஜே 1924-இல் வெளியிட்ட நூலில் சகோதரர் பற்றிய கேள்விகளைக் கொண்டு இதன் உடன்பிறப்பான ஒரு தடுமாற்றத்தை விவரித்தார்: தனக்கு ஓர் அண்ணன் இருப்பதைச் சொல்லும் சிறு குழந்தை, அந்த அண்ணனுக்குத் தம்பி உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறது. தன்னைப் பிறர் பார்வையில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுதல் என்பது கணிதத்துக்கும் வேண்டும், அறத்துக்கும் வேண்டும். இரண்டும் ஒரே வயதில்தான் முளைவிடுகின்றன என்பதை மழலையர் கல்வியாளர்கள் அதிகம் பேசுவதில்லை.

வித்தியாரண்யரின் பஞ்சதசி இந்தக் கதையை ஏழு நிலைகளாகப் பிரித்து ஆராய்கிறது. அவற்றுள் ஆசிரியப் பயிற்சிக்குப் பயன்படுவது நடுவில் வரும் இரண்டு. 'பத்தாவது ஆள் சாகவில்லை, இருக்கிறான்' என்று பிறர் சொல்லக் கேட்டு நம்புவது பரோட்ச ஞானம், அதாவது நேரில் காணாத அறிவு. 'அது நானே' என்று எண்ணித் தானே காண்பது அபரோட்ச ஞானம், அதாவது நேரறிவு. "அஞ்சுன்னு சொல்லு" என்று கேட்டு 'அஞ்சு' என்ற குழந்தையிடம் இருப்பது முதல் வகை. அதைப் பொய்யென்று தள்ளவேண்டியதில்லை, பஞ்சதசியும் தள்ளவில்லை. அழுகை பாதி அடங்குவது அங்கேதான். ஆனால் பதிவேடு இரண்டாவது வகைக்குரிய இடத்தில் முதல் வகையை எழுதிவிடுகிறது.

அறிவு முன்பே உள்ளே இருக்கிறது என்னும் கொள்கை கிரேக்கத்திலும் உண்டு. பிளேட்டோவின் மேனோ உரையாடலில் சாக்ரடீஸ், படிப்பறியாத ஓர் அடிமைச் சிறுவனிடம் கேள்விகளை மட்டும் கேட்டு, ஒரு சதுரத்தின் இருமடங்குப் பரப்புள்ள சதுரத்தை அவன் வாயாலேயே கண்டுபிடிக்க வைக்கிறார்; கற்றல் என்பது நினைவுகூர்தலே என்று முடிக்கிறார். கேள்விகளைப் படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் 'ஆம், இல்லை' என்று மட்டும் சொல்லவேண்டியவை. கோடுகளைத் தரையில் வரைந்ததும் சாக்ரடீஸ்தான். உள்ளிருந்து வந்ததாகச் சொல்லப்படுவதில் எவ்வளவு வெளியிலிருந்து போடப்பட்டது என்ற ஐயம் அன்று முதல் தீரவில்லை.

அண்மைக்கால ஆய்வு ஒன்று இந்த ஐயத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது. டெல்லியில் பிரதம் அமைப்பின் பாலர் பள்ளிகளில் 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு மோய்ரா டில்லன், எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் நடத்திய அந்த ஆய்வு 2017-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. எண்ணாமலே இரண்டு புள்ளிக் கூட்டங்களில் எது அதிகம் என்று உணர்வது, வடிவங்களில் மாறுபட்டதைக் கண்டுகொள்வது போன்ற, மனிதக் குழந்தைக்கு இயல்பாகவே அமைந்த உணர்வுகளை விளையாட்டு வழியே கூர்மையாக்கினார்கள். அந்த உணர்வுகள் கூர்மை பெற்றன. ஓராண்டுக்குப் பின்னும் அந்தக் கூர்மை நீடித்தது. ஆனால் பள்ளியில் சேர்ந்தபின் எண்குறிகளையும் கூட்டலையும் கற்பதில் அதனால் நிலைத்த பலன் கிட்டவில்லை. உள்ளே இருப்பது உண்மை. உள்ளே இருப்பது மட்டும் போதவில்லை என்பதும் உண்மை. புள்ளிக்கூட்டத்துக்கும் 'அஞ்சு' என்ற சொல்லுக்கும் '5' என்ற குறிக்கும் இடையே பாலம் போடுகிற ஒருவர் வேண்டியிருக்கிறார். கதையிலும் பத்தாவது ஆள் அங்கேயே நின்றிருந்தும், வழிப்போக்கர் வரும்வரை அழுகை ஓயவில்லை.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில்தான் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. உயிர் அறிவற்ற சடம் அன்று. தானே எல்லாம் அறியும் பேரறிவும் அன்று. அறிவித்தால் அறியும் இயல்புடையது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு, ஆயினும் இருளில் விளக்கொளி இன்றி அது பார்ப்பதில்லை. விளக்கு இருந்தாலும் கண்ணின் வேலையை விளக்கு செய்வதில்லை. இதுவரை மேனோவுக்கான திருத்தம் என்று கொள்ளலாம். சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தை விளக்கும் மரபு இன்னும் ஒருபடி மேலே போய், இறைவன் உயிருக்குச் செய்யும் உதவி இரண்டு என்கிறது: பொருளைக் காட்டுவது ஒன்று, காட்டியதை உயிரோடு உடன் நின்று தானும் காண்பது மற்றொன்று. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இவற்றைச் சொல்வார்கள். கண் பார்க்கும்போது உயிரும் உடன்நின்று பார்த்தால்தான் கண்ணுக்குப் பொருள் தெரியும்; அதுபோல உயிர் அறியும்போது இறைவன் உடன் அறிகிறான் என்பது கருத்து.

மழலையர் ஆசிரியப் பயிற்சிகள் ஏறக்குறைய முழுவதும் காட்டும் உபகாரத்தில் செலவாகின்றன. மின்னட்டை தயாரிப்பது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, புள்ளிக்கோலத்தில் புள்ளி எண்ணுவது, பல்லாங்குழி ஆடுவது, மணிக்கோவை செய்வது என எல்லாமே காட்டுவதற்கான ஏற்பாடுகள். இவற்றுள் நல்லவை பல. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சோழி சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளிக்கொள்ளும் குழந்தை, எண்ணாமலே நான்கைக் கண்ணால் பிடிக்கிறது. எந்த அச்சிட்ட மின்னட்டையும் அதைவிடச் சிறப்பாக அதைப் பழக்காது. ஆனால் காணும் உபகாரத்துக்கு, அதாவது குழந்தை எதைக் காண்கிறதோ அதைக் குழந்தையின் இடத்தில் நின்று காண்பதற்கு, ஆசிரியரைப் பழக்கும் அமர்வுகள் அரிது. மரியா மான்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சி வகுப்பை நடத்தியபோது, எண்கோல்களையும் மணிகளையும் கையாளக் கற்பித்ததோடு, குழந்தையை உற்று நோக்குவதையும் ஆசிரியரின் முதன்மைப் பணியாக வலியுறுத்தினார். அவர் பெயரால் இன்று விற்கப்படும் மரச்சாமான்கள் ஊரெங்கும் பரவின. உற்றுநோக்கும் பழக்கம் அந்த வேகத்தில் பரவவில்லை. சாமானுக்கு விலை உண்டு, ரசீது உண்டு.

உடன் காண்பது ஏன் கடினம்? வளர்ந்தவருக்கு எண்ணுதல் அவ்வளவு தானாக நடப்பதால், அதற்குள் நிகழும் சேர்த்துப் பிடித்தல் அவருக்கே தெரியாமல் போய்விட்டது. பயிற்சியில் இதைச் சில நிமிடத்தில் மீட்டுக் காட்ட முடியும். எண்சொற்களுக்குப் பதிலாக உயிரெழுத்துகளை வைத்துக்கொள்ளலாம்: அ என்றால் ஒன்று, ஆ என்றால் இரண்டு, இ மூன்று, ஈ நான்கு. இனி, 'இ-யும் உ-வும் சேர்ந்தால் எவ்வளவு?' என்று கேட்கவேண்டும். பட்டம் பெற்றவர்களும் விரலை மடக்கி, அ, ஆ, இ என்று முதலிலிருந்து தொடங்குவார்கள். ஏ என்ற விடைக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். 'ஏ-யிலிருந்து ஈ போனால்?' என்று அடுத்த கேள்வியைப் போட்டால் சிலர் எரிச்சலடைவார்கள். வரிசை மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் அளவு தெரியாதிருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த எரிச்சலே சொல்லிக்கொடுக்கிறது. பால்வாடியில் ஐந்தாவது புளியங்கொட்டைக்குப் பிறகு ஆசிரியரின் முகத்தைப் பார்த்த குழந்தையும் அங்கேதான் நின்றது.

கேள்வி கேட்கும் முறையிலும் இதே கவனம் வேண்டும். ஒரு வரிசைக் கொட்டைகளைப் பரப்பி வைத்துவிட்டு, 'இப்போது எதில் அதிகம்?' என்று பியாஜே கேட்ட சோதனையைப் பின்னால் ஆராய்ந்தவர்கள், ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பதாலேயே சில குழந்தைகள் விடையை மாற்றுகிறார்கள் என்று கண்டார்கள். தமிழ்நாட்டு வகுப்பறையை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆசிரியர் இரண்டாம் முறை கேட்டால் முதல் விடை தவறு என்று அர்த்தம். எந்தக் குழந்தைக்கும் தெரிந்த இலக்கணம் இது. ஆகவே 'எத்தனை?' என்பதைத் திரும்பக் கேட்பதற்குப் பதிலாக, 'பாப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகவேண்டும். திருவண்ணாமலையில் கேட்டவரையே நோக்கிக் கேள்வியைத் திருப்பிய ஒருவர் வாழ்ந்திருக்கிறார் என்பதும், 1901-02-இல் சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு அவர் வாய் திறவாமல் எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்?' என்னும் சிறுநூல் ஆயின என்பதும் இங்கே நினைவுக்கு வரலாம்.

அந்த ஒப்புமையை மிகைப்படுத்தக் கூடாது. ரமணரின் விசாரணை எண்ணங்களை அவற்றின் வேர்வரை பின்தொடர்ந்து அடக்குவதற்கானது. பன்மை மறைவதே அதன் பயன். பால்வாடியின் வேலை நேர்மாறானது: ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டு என்று, அதுவரை பிரியாதிருந்த உலகத்தைப் பிரித்துக் காட்டிச் சேர்த்துப் பார்க்கக் கற்பிக்கிறது. அத்வைதிகள் நிறைந்த ஊரில் இரண்டைக் கற்பிப்பவர் மாயைக்குக் கட்டியம் கூறுகிறாரா என்று வேடிக்கையாகக் கேட்கலாம். ஆனால் பத்தாவது ஆளின் கதையை எடுத்துக்கொண்ட வேதாந்தியே, கேட்பவருக்குப் பத்துவரை எண்ணத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் கதையைத் தொடங்குகிறார். எண்ணத் தெரியாதவருக்கு அந்த உவமை உதவாது. சித்தாந்தத்தோடு கொள்ளும் ஒப்புமைக்கும் எல்லை உண்டு: உடன்நின்று காணும் இறைவனுக்கு மறைப்பில்லை, ஆசிரியருக்கோ 'எனக்குக் கணக்கு வராது' என்ற தன் பள்ளிநாள் அச்சம் கூடவே வருகிறது. கணிதத்தை அஞ்சும் ஆசிரியைகளின் வகுப்பில் ஆண்டு முடிவில் பெண்குழந்தைகளின் அடைவு குறைகிறது என்று சியான் பெய்லாக் குழுவினர் 2010-இல் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளைக் கொண்டு காட்டினார்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள் அனைவரும் பெண்கள் என்பதால், பயிற்சியின் முதல் நாளைக் குழந்தைக்கான விளையாட்டுகளுக்குக் கொடுக்காமல், அவர்களே கணிதம் செய்து மகிழ்வதற்குக் கொடுப்பது வீண்செலவாகாது.

கீழ்பென்னாத்தூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் இதைச் செய்து பார்க்கப் புதிய சட்டகமோ நிதியோ தேவைப்படாது. பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் தம் மையத்தில் ஒரு குழந்தை எண்ணும்போது சொன்னதையும், கை போன போக்கையும், தாம் கேட்ட கேள்வியையும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் உள்ளது உள்ளபடி எழுதிவரட்டும். 'சரி', 'தவறு' என்ற சொற்கள் அந்தப் பக்கத்தில் வரவேண்டாம். அமர்வில் அதைப் படித்து, அந்தக் குழந்தையின் 'அஞ்சு' சொல்லாக மட்டும் இருந்ததா, கடைசிக் கொட்டையின் பெயராக இருந்ததா, தொகையாகிவிட்டதா என்று வாதிடட்டும். ஒருமித்த முடிவு வராமல் போகலாம். கூட்டம் கலையும்போது மீதமிருக்கும் ஐயத்தைத் தீர்க்க மறுநாள் காலை அதே குழந்தையிடம் என்ன கேட்பது என்று ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போனால், அடுத்த அமர்வுக்கு வேண்டிய பாடம் அதிலிருந்தே கிடைக்கும்.